வட்டிலப்பத்தை விட்டுக்கொடுத்த தேவராசா

கண்டியில் வாய் இருந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் தின்னப்போகிற பண்டத்தை வாசலிலே நிறுத்தி, உன் ஊர் எது, உன் தாய் தகப்பன் யார் என்று விசாரணை நடத்திவிட்டுத்தான் உள்ளே விடுகிற வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்த தேவராசாவின் வாய்.

ஆள் குடைக்கம்பி மாதிரி. மேலே ஒரு தலை, அதில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய நாலு மயிர், கீழே வருசம் முழுக்க ஒரே காற்சட்டை. சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து இருபத்துநாலு வயதில் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு வெண்கல வட்டிலோடும் கண்டிக்கு வந்தார். வட்டில் எதற்கென்றால், கண்ட வீட்டுப் பாத்திரத்தில் சாப்பிட்டால் சைவம் கெட்டுவிடுமாம். ஊரிலிருந்து கிளம்பும்போது தாய் கொடுத்துவிட்டது. பெட்டி கறள் பிடித்து எறிந்தாகிவிட்டது. வட்டில் மட்டும் மிஞ்சியது. அவரிடம் மினுங்கிக்கொண்டிருந்த ஒரே சாமானும் அதுதான்.

கலியாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் குற்றம் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணைப் பார்க்காமல் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமோ என்று ஆரம்பித்தால் எந்தத் தகப்பன் பொறுப்பான்? கொக்குவிலில் ஒரு பெரியவர் பயற்றம் பணியாரத்தின் வரலாற்றைத் தேத்தண்ணீர் ஆறுமட்டும் கேட்டிருந்துவிட்டு, தரகரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா என்ர மகளுக்கு இருக்கிறது ரெண்டு காது மட்டும்தானே."

தேவராசா இதைத் தனக்குக் கிடைத்த பாராட்டு என்றே நினைத்தார். அந்த மாதிரி ஆள்.

அவரைக் கெடுத்தது மூன்று சொற்கள். கறி, மாங்காய், கஞ்சி. இந்த மூன்றும் தமிழிலிருந்து கப்பலேறி இங்கிலீசுக்குப் போனவை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். உண்மையோடு விட்டிருந்தால் மனிதன் பிழைத்திருப்பார். ஆனால் சின்ன வயதில் மூன்று தரம் ஜெயித்தவனுக்கு நாலாவது தரம் தோற்பது எப்படி என்று தெரியாமல் போய்விடுகிறது. கறி எங்களுடையது என்றால் கேக்கும் எங்களுடையதாகத்தானே இருக்க வேண்டும்? அச்சில் தோய்த்துப் பொரிக்கிற கொக்கிஸ் ஏன் இருக்கக்கூடாது? ஒல்லாந்துக்காரன் கொண்டுவந்த சொல் என்று ஊரே சொல்லும் கொக்கிஸை அவர் "கொக்கி" என்பதிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து தமிழ்த்தாயின் மடியில் போட்டார். அச்சாறு? காரத்துக்கு அஞ்சி அஞ்சிக் குடித்த சாறு, ஆகவே அச்சாறு. இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்த ஒரே ஜீவன் கந்தோர் வாசலில் படுத்திருந்த நாய்தான். அதற்குச் சிங்களம்தான் தெரியும்.

பிறகு பேக்கரி ரொட்டியான பாணுக்கு வரிசையில் நிற்கிற காலம் வந்தது. மா இல்லை, சீனி இல்லை. விடியமுன் போய் நின்றால்தான் பத்து மணிக்காவது ஒரு துண்டு. குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி; அதன் வரிசை முடக்குத் திரும்பி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அந்த வரிசையில் ஒரு நாள் தேவராசாவுக்கு முன்னால் யாரோ ஒரு பையன், "பாண் போர்த்துக்கேயச் சொல்" என்று தன் தங்கச்சிக்குச் சொல்லித் தொலைத்துவிட்டான். பையன் சொன்னது சரி. ஆனால் தேவராசாவுக்கு முன்னால் சரியாகச் சொல்வது குற்றம்.

"ஆர் சொன்னது?" என்று தேவராசா வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்தார். "பணியாரம் எண்டதைப் போர்த்துக்கேயன் கேட்டான். அவனுக்கு நாக்குப் பிரளேல்லை. பணி, பணி எண்டு சொல்லிச் சொல்லிப் பாண் எண்டு ஆக்கிப்போட்டான். எங்கட சொல்லைக் களவெடுத்து எங்களுக்கே வித்துப்போட்டுப் போயிருக்கிறான். விளங்குதோ?"

இரண்டாவது அடியும் வெளியே வந்தார். கை இரண்டையும் ஆட்ட இடம் வேண்டாமா? போர்த்துக்கேயக் கப்பல், கொச்சி, கொழும்பு என்று அவர் சுற்றி வருவதற்குள் வரிசை அவர் நின்ற இடத்தை மூடிவிட்டது. அவருக்குப் பின்னால் நின்ற அங்கம்மா, தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெண், இடுப்பில் பிள்ளையோடு முன்னால் நகர்ந்துகொண்டே கேட்டாள்:

"ஐயா, பாணோட அப்பன் எந்த ஊர்க்காரனா இருந்தா நமக்கு என்னங்க? இன்னிக்கு அரை றாத்தல் கெடைக்குமா கெடைக்காதா, அதுக்கு ஏதாச்சும் படிச்சிருக்கீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சிங்களவர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் இரண்டாம் தரம் சிரித்தார்கள். தேவராசா வரிசையின் வாலுக்குப் போனார். வால் கடைக்கு வந்தபோது பாண் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அவர் பாண் தேவராசா. தபால்காரன்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவான். கதை ரயிலேறி நாவலப்பிட்டி வரைக்கும் போனது.

இந்த மனிதனுக்கு மூன்று வேளையும் யார் சோறு போட்டது என்று கேட்பீர்கள். றலியா என்றொருத்தி போட்டாள்.

அம்பிட்டிய போகிற வீதியில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவளுடைய வீடு. மலாய்க்காரி. புருசன் பொலிசில் இருந்து செத்தவர். ஒரே மகள் றம்லத். றலியா பெருநாளுக்கும் கலியாணங்களுக்கும் வட்டிலப்பம் செய்து கொடுப்பாள். அதற்கு மேலே கந்தோர் ஆட்கள் இரண்டு மூன்று பேருக்குச் சாப்பாடு. மற்றவர்கள் மாற்றலாகி மாற்றலாகிப் போனார்கள். தேவராசாவை எந்தக் கந்தோரும் கேட்கவில்லை, ஆகவே அவர் இருந்தார். பதினைந்து வருசம்.

மேலே அம்பிட்டியவில் அவருக்கு ஒரு அறை. அந்த அறையில் கட்டில் இருந்தது, கொடி இருந்தது, பல்லி இருந்தது. பேசுவதற்கு ஒருவரும் இல்லை. பேசுவதெல்லாம் றலியாவின் மேசையில்தான். ஊரில் தாய் போய்விட்டாள். சகோதரங்கள் காணிப் பங்கில் கோபித்துக்கொண்டு போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். உலகத்தில் அவர் வராவிட்டால் "ஏன் இன்னும் காணோம்" என்று ஒருவர் வாசலை எட்டிப் பார்க்கிற வீடு அது ஒன்றுதான். இதை அவரிடம் கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார். சமையல் பரவாயில்லை, ஆகவே போகிறேன் என்பார்.

வந்த முதல் நாள் அந்த வெண்கல வட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நான் இதிலைதான் சாப்பிடுவன். மரக்கறி மட்டும்."

றலியா அவரைவிட இரண்டு வயது இளையவள். அந்த 'அக்கா'வை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. வட்டிலை மட்டும் வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, அலுமாரியில் தனியாக வைத்தாள். மரக்கறி விரதம் இரண்டு மாதம் நின்றது. மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் வெள்ளிக்கிழமை, கோழிக்கறி மணம் வந்து மூக்கில் ஏறியதும் சைவம் பின்கதவால் போய்விட்டது. ஆனால் வட்டில் மட்டும் போகவில்லை. கோழியை வட்டிலில் வைத்துத் தின்றால் சைவமாம். அந்த வீட்டுப் பீங்கானைத் தொடமாட்டார். பதினைந்து வருசமும் அவளுடைய சோற்றைத் தின்றுகொண்டு, அவளுடைய பீங்கானுக்கு மட்டும் தீட்டுப் பார்த்த மனிதனை என்ன சொல்வது? றலியா தேய்த்துத் தேய்த்தே அந்த வட்டிலுக்குக் கண்ணாடி மாதிரி முகம் வந்தது.

மேசையில் நடந்த சண்டைகளை எழுதினால் தாள் போதாது. சம்பல் மலாய்ச் சொல் என்று அவள் சொல்வாள். சம்பாரம் என்று அவர் சொல்வார். தொதல் என்கிற இனிப்பும் மலாய் என்று அவள் சொன்னால், தொதுதொதுவென்று இருக்கிறபடியால் தொதல் என்பார்.

"கிளாக்கர், அப்பிடிண்டா ஒங்கட மூளைக்கும் தொதல்னே பேர் வெக்கலாம்" என்பாள் றலியா. றம்லத் சோற்றில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்குவாள்.

கடைசியில் எல்லாம் வட்டிலப்பத்தில் வந்து முட்டும். கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால், ஏலம், சாதிக்காய். அவளுடைய வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக இருக்கும். அதை வாயில் வைத்துக்கொண்டே தேவராசா சொல்வார்: "வட்டில், அப்பம். வட்டிலிலை வேகிற அப்பம். இதைவிடத் தெளிவான தமிழ் வேணுமோ? உங்கட ஆக்கள் எங்களிட்டைப் படிச்ச பண்டம் இது."

"எங்கட ஆக்கள் ஜாவாவில இருந்து கொண்டு வந்தது."

"சாமான் வந்திருக்கலாம். பேர் எங்கடை. பேர் ஆற்றையோ சாமானும் அவையின்ரை."

வேடிக்கை என்னவென்றால், அவர் வாழ்நாளெல்லாம் உளறிய நூறு சொல்லில் அந்த மூன்றுக்குப் பிறகு சரியாக இருந்தது இந்த ஒன்றுதான். பெயரைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சரியாக இருந்ததால்தானோ என்னவோ, றலியாவுக்கு அதில்தான் அதிகம் சுட்டது. காலையில் தேங்காய் துருவிப் பால் பிழிந்து, அடுப்படியில் வெந்து, அவள் எடுத்து வைக்கிற பண்டத்தை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் பேருக்கு எழுதிக்கொண்டு போனால் சுடாதா?

அப்படியிருக்க றம்லத்துக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை நாவலப்பிட்டி. நல்ல பையன். பையனுக்கு வாய்த்த பெரியப்பா ஒருவர், உவைஸ் ஹாஜியார், பஸாரில் புடவைக் கடை. தங்கப் பல் ஒன்று, அதைக் காட்டுவதற்காகவே சிரிக்கிற சிரிப்பு ஒன்று. தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் வீட்டுப் பையன் மலாய் வீட்டில் பெண் எடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. வந்த இடத்தில் கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார், தேத்தண்ணீரை மணந்து பார்த்துவிட்டு வைத்தார். சொல்லாமல் சொல்கிற ரகம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு தேவராசாவும் மேசையில் இருந்தார். தொதல் தட்டு வந்ததும் தொடங்கிவிட்டார். ஹாஜியாரின் தங்கப் பல் மறைந்தது. கலியாணம் நூலில் தொங்கிப் பிழைத்தது.

ஆகவே கலியாணத்துக்கு முதல்நாள் றலியா அவரைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"கிளாக்கர், ஒரு விசயம். நாளைக்குப் பெரிய சஹன்ல மாப்புள வீட்டு மூத்த ஆக்கள் அஞ்சு பேர். ஆறாவது எங்கட பக்கத்து ஆம்புள ஒரு ஆள் இருக்கணும். கொழும்புல ஈக்கிற மச்சானுக்கு மூச்சிழுப்பு, வர ஏலாதாம். நீங்க ஈப்பீங்களா?"

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். ஆறு பேர் சுற்றிவர இருந்து, ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். தனி வட்டில் கிடையாது. தேவராசாவின் கண் அலுமாரிப் பக்கம் போனது.

"நானோ? நான் எப்பிடி..."

"பதினஞ்சு வருசம் தின்னீங்களே. நீங்க எங்கட பக்கம் இல்லாம வேற யார் பக்கம்?"

தேவராசா ஓமென்று தலையை ஆட்டினார்.

"ஆனா ஒண்டு. நாளைக்கு ஒங்கட வாய் தின்ன மட்டும்தான். பேர், ஊர், தமிழ், பணியாரம் ஒண்டும் வெளிய வரப்படாது. ஒரு சொல்லு வந்திச்சோ, திங்கக்கெழமையில இருந்து இந்த வீட்ல ஒங்களுக்குச் சோத்து ஒல இல்ல. நான் வெளாட்டுக்குச் செல்லல்ல."

"விளங்குது அக்கா."

"அக்கா!" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல். வீட்டு முற்றத்தில் பந்தல். பாயில் சஹன் சஹனாக ஆட்கள். பெரிய சஹன் நடுவில். ஹாஜியார் ஒரு பக்கம் மலை மாதிரி, தேவராசா எதிர்ப் பக்கம் மலையில் நட்ட கொடிக்கம்பு மாதிரி. கைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நெய்ச்சோறு வந்தது, ஆட்டிறைச்சி வந்தது, கோழி வந்தது, கத்தரிக்காய் வந்தது, அச்சாறும் வந்தது. அச்சாற்றைக் கண்டதும் தேவராசாவின் உதடு துடித்ததைப் பக்கத்தில் இருந்தவர் கண்டிருக்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஐந்து முஸ்லிம் கைகளுக்கு நடுவே அவருடைய கை முதலில் தாம்பாளத்தின் ஓரத்தில் நின்றது. பிறகு சோற்றுக்குள் இறங்கியது. வானம் இடியவில்லை. சாவகச்சேரியிலும் ஒன்றும் நடந்ததாகத் தகவல் இல்லை.

ஒரு சொல் பேசவில்லை. ஹாஜியார் இரண்டு தரம் கொக்கி போட்டுப் பார்த்தார்.

"இவர்தானே பாண் கிளாக்கர்? நாவலப்பிட்டிக்கே கேள்விப்பட்டீக்கோம். என்த, இண்டைக்கு ஊமையா?"

தேவராசா ஆட்டெலும்பைச் சப்பினார்.

கடைசியாக வட்டிலப்பம் வந்தது. அதுதான் முடிவு, அதைத் தின்றால் விருந்து நல்லபடி முடிந்தது என்று அர்த்தம். றலியா மூன்று நாள் நித்திரை இல்லாமல் செய்தது. கறுத்து, மினுங்கி, மேலே கஜுப் பருப்புப் பதித்து, வெட்டிய இடத்தில் கண் கண்ணாக. சஹனின் நடுவில் வைத்தார்கள். ஐந்து பேரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். மூத்தவர் கை வைக்காமல் மற்றவர் கை வைப்பது அந்தப் பாயில் மரியாதை இல்லை. மற்ற சஹன்காரர்களும் பெரிய சஹனைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்" என்றார், பந்தலுக்கே கேட்கிற மாதிரி. "வட்டிலப்பம் நம்மட சோனகக் கைக்குத்தான் வரும். மலாய்க்காரங்க அத நம்மகிட்டப் பாத்துச் செய்றது. பாத்துச் செய்றது பாத்துச் செய்ற மாதிரித்தான் ஈக்கும். வாயில வெக்காமலே தெரியுது."

தங்கப் பல் தெரிந்தது.

யாரும் கை வைக்கவில்லை. ஒரு சஹன், இரண்டு சஹன், பந்தல் முழுக்கக் கைகள் நின்றன. திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் றலியா நின்றாள். அவள் மகள் நாளைக்குப் போய் வாழப்போகிற வீட்டின் பெரிய மனிதர், அவள் கையால் செய்ததைத் தொடாமல் எழும்பப் போகிறார். றம்லத் அந்த வீட்டில் இனி என்ன சமைத்தாலும் மடியை விட்டு எழும்பாத இந்தக் கைதான் முதலில் நினைவுக்கு வரும்.

தேவராசா வட்டிலப்பத்தைப் பார்த்தார். ஹாஜியார் சொன்னதை மறுக்க அவரிடம் மருந்து இருந்தது. பதினைந்து வருசமாகக் கைவசம் வைத்திருந்த மருந்து: இது உம்முடையதும் இல்லை, எங்கள் தமிழ். சொல்லியிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது றலியாவையும் சேர்த்து அடிக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மேசை மிஞ்சும். திறந்தால் திங்கட்கிழமை உலை இல்லை.

"ஹாஜியார்" என்றார் தேவராசா.

திரைக்குப் பின்னால் றலியா, "யா அல்லாஹ், தொடங்கிட்டார்" என்று தலையில் கை வைத்ததாக றம்லத் பிறகு சொன்னாள்.

"ஹாஜியார், நீங்கள் சொன்னது பிழை. வட்டிலப்பம் உங்கடையும் இல்லை, எங்கடையும் இல்லை. அது மலாய்ச் சொல்லு."

பந்தலில் யாரோ இருமுவது கேட்டது.

"மலாய்த் தீவிலை வத்தலப்பான் எண்டு ஒரு ஊர். அங்கத்தை அரண்மனைச் சமையல்காரர் ராசாவுக்கு மட்டும் செய்த பண்டம். ஒல்லாந்தன் காலத்திலை அந்த ஆக்கள் இஞ்சை வரேக்கை கொண்டுவந்தது. எங்களுக்கு வாய் பிரளேல்லை, வட்டிலப்பம் எண்டு ஆக்கிப்போட்டம். நாங்கள் எல்லாரும் மலாய் ஆக்களிட்டைப் படிச்சதுதான். நீங்களும்தான்."

அப்படி ஒரு ஊர் எந்தத் தீவிலும் இல்லை. அது அந்த நிமிசம் அவருடைய மேலண்ணத்தில் உண்டான ஊர். ராசாவும் அங்கேயே பிறந்தார்.

சஹனில் இருந்த மாப்பிள்ளையின் அண்ணன் ஒருவன், நாவலப்பிட்டி ஸ்டேசனில் வேலை செய்பவன், வாயைப் பிளந்துகொண்டு ஹாஜியாரைப் பார்த்தான்.

"பெரியவாப்பா, இந்த மனுசன் பாணையே தமிழ்னு சண்ட புடிச்ச ஆளு. கொக்கிஸையும் உடல்லியாம். இவரே இது தமிழ் இல்ல, மலாய்னு செல்றாரே!"

அதுதான் வேலை செய்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஹாஜியார் தங்கப் பல்லைக் காட்டித் தள்ளிவிட்டிருப்பார். பிடித்ததை விடாத உடும்பு தானாக வாயைத் திறந்து விட்டால், அது தன்னுடையது இல்லை என்றுதானே ஊர் நினைக்கும்? ஒரு மனிதன் ஆயுசு முழுக்க முட்டாளாக இருந்து சேர்த்த மதிப்பு அன்றைக்கு ஒரே தரத்தில் செலவானது.

பந்தலில் ஒருவர் சிரித்தார். பிறகு நாலு பேர். "அப்ப ஹாஜியார், ராசா திண்ட சாமானையா வேணாங்கிறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹாஜியாரின் கழுத்து சிவந்தது. மடியிலிருந்து கை வெளியே வந்தது. ஒரு விள்ளல். மென்றார். இன்னொரு விள்ளலை எடுத்தார், அது முதலாவதைவிடப் பெரியது. எல்லாச் சஹனிலும் கைகள் இறங்கின. ஹாஜியார் கடைசியில் விரலையும் சூப்பினார். மானங்கெட்ட மனிதன்.

தேவராசா ஒரு விள்ளலும் எடுக்கவில்லை. கை கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அம்பிட்டிய ஏற்றத்தில் ஏறினார். காணிக் கந்தோர்க்காரருக்கு உவமை வேறு எங்கே கிடைக்கும்? பரம்பரை வளவுக் காணியை, உறுதிப்பத்திரம் கையில் இருக்க, பொய்க் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்காரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறவன் மாதிரி நடந்தார். அதுவும் ஐந்து சாட்சி முன்னால். பாதி வழியில் இன்னொன்றும் உறைத்தது: எழுதிக்கொடுத்ததும் போயிற்று, உலையும் போயிற்று.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. திங்கள் பகல் ஒரு கடையில் சோறு தின்றார். கறியைப் பற்றி மேசையில் இருந்த ஒருவரிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார், அந்த ஆள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அந்தியில் கந்தோர் விட்டதும் துணிப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு றலியாவின் வாசலில் போய் நின்றார்.

பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். றலியா படியில் இருந்து பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள், வாடகைக்கு எடுத்தவை.

"என்த, பையோட?"

"வட்டிலை எடுத்துக்கொண்டு போக வந்தனான், அக்கா."

"எங்க போக?"

"நீங்கள் சொன்னனீங்கள். ஒரு சொல்லு வந்தால் உலை இல்லை எண்டு." அவர் நிலத்தைப் பார்த்தார். "ஒரு சொல்லில்லை, கனக்க வந்திட்டுது."

றலியா எண்ணுவதை நிறுத்தினாள்.

"வத்தலப்பான்" என்றாள்.

தேவராசா பையை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

"எங்கட வீட்ல எங்கட பாசையில அதுக்குப் பேர் சிரிகாயா. எங்கட உம்மா செல்றது, எங்கட வாப்பா செல்றது. வத்தலப்பான்னு ஒரு ஊரும் இல்ல, ஒரு எழவும் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அத்தன பேர் முன்னுக்குப் பொய் சென்னீங்க? அல்லாஹ்ட பந்தல்ல?"

"ஓம்."

"பொய்க்காரன்" என்றாள் றலியா. எழும்பி உள்ளே போனாள்.

தேவராசா பையை விரித்துக்கொண்டு நின்றார். அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சோற்றுப் பானை மூடியின் சத்தம். பிறகு நேரம் போயிற்று. பந்தல்காரர்கள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனார்கள். வழியில் நிற்கிற கம்பு என்று நினைத்திருப்பார்கள்.

"என்தியன் அங்கயே நிக்கிறீங்க? சோறு ஆறுது!"

உள்ளே போனார். மேசையில் சோறு இருந்தது. மிஞ்சிய ஆட்டுக்கறி இருந்தது. பக்கத்தில் வட்டிலப்பம், பானையின் அடியில் பிடித்த, கொஞ்சம் கருகிய துண்டு. அது மிகவும் இனிக்கும் என்று அவருக்குத் தெரியும். வழக்கமாக அதை றம்லத்துக்குத்தான் வைப்பாள். எல்லாம் இருந்தது. வட்டில் மட்டும் இல்லை. சோறு நீலக் கரை போட்ட, ஓரத்தில் ஒரு சில்லு உடைந்த வீட்டுப் பீங்கானில் இருந்தது.

"வட்டில்..." என்றார்.

"வட்டில் அலுமாரியில ஈக்கட்டும். நேத்து அஞ்சு பேரோட ஒரே சஹன்ல கைய வெச்சீங்க. மிச்சம் நல்லா வெச்சீங்க, நான் பாத்தன். இனி என்த தீட்டு? எனக்கும் வயசு போகுது, புளி போட்டுத் தேய்க்க ஏலா."

தேவராசா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பீங்கானைப் பார்த்தார். உதடு அசைந்தது. றலியா அகப்பையைக் கையில் எடுத்தாள்.

"என்த? பீங்கானும் தமிழா?"

"இல்லை" என்றார் தேவராசா. அதை ஒத்துக்கொள்வது அவருக்கு லேசான வேலை இல்லை. ஆனாலும் சொன்னார். "பீங்கான் உங்கடை. மலாயிலையும் பிங்கான்தானே. எங்களிட்டை வந்து சேர்ந்த சொல்லு."

"இது மெய்யா, இல்லாட்டி இதுவும் வத்தலப்பானா?"

"இது மெய்."

றலியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பீங்கானில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள், கேட்காமலே.

"தின்னுங்க. அக்கானு மட்டும் இனிக் கூப்புடாதீங்க, நான் ஒங்களவிட எளசு."

"ஓம் அக்கா" என்றார் தேவராசா, வாய் நிறையச் சோற்றோடு.